மைக்ரோபோர் டேப் சொல்லும் சேதி: மருத்துவமனை மின்படிவங்களைச் சீர்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஆறு மணிக்கு எங்கள் வார்டுக்குள் நுழைந்தால், இரவுப் பணி முடியும் தறுவாயில் இருக்கும் சிஸ்டரின் சீருடையில், தொடைப் பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை மைக்ரோபோர் டேப் (காயக்கட்டை ஒட்டும் மருத்துவ நாடா) ஒட்டியிருக்கும். அதில் பால்பாயின்ட் பேனாவால் பொடி எழுத்தில் எண்கள்: படுக்கை 12, காய்ச்சல் 99.4, நாடி 88, பி.பி. 130/80. அடுத்து படுக்கை 14, படுக்கை 15 என்று அது கீழே இறங்கிக்கொண்டே போகும். ஐந்தடி தள்ளி, சக்கரம் வைத்த மேசையில் கணினி நிற்கிறது. இதே எண்களைப் பதிவதற்கென்றே அதற்குள் ஒரு மின்படிவம் இருக்கிறது. அதை அமைத்தவள் நான்.

பெங்களூரில் பத்தாண்டுகளுக்கு மேல் வார்டு செவிலியராக இருந்துவிட்டு, இப்போது மருத்துவமனையின் கணினிப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். பொறியாளர்கள் பேசுவதை வார்டுக்கும், வார்டு திட்டுவதைப் பொறியாளர்களுக்கும் எடுத்துச் சொல்லும் வேலை. என் முதல் படிவத்தைப் பார்த்துப் பெருமைப்பட்ட ஒரே ஆள் நான்தான். அந்த டேப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: சிஸ்டர் தமக்கு வேண்டிய படிவத்தைத் தாமே அமைத்துக்கொண்டுவிட்டார். அதற்குக் கடவுச்சொல் வேண்டாம். கையுறையோடு எழுதலாம், நடந்துகொண்டே எழுதலாம், நெட்வொர்க் போகாது. என்னுடைய படிவம் அதனிடம் நாள்தோறும் மூன்று ஷிஃப்ட்டிலும் தோற்றுக்கொண்டிருந்தது.

அந்த டேப்பையே அளவுகோலாக வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மருத்துவமனைக் கணினிப் பிரிவில் இருப்பவர்களுக்கும், மருத்துவ மென்பொருள் எழுதும் தமிழர்களுக்கும் (இந்த ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை), படிவத்தைத் திறக்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கும் செவிலியருக்கும் மருத்துவருக்கும் இது உதவலாம்.

படி 1: கணினியை மூடிவிட்டு வார்டில் நில்லுங்கள்

ஒரு பகல், ஒரு இரவு, ஷிஃப்ட் மாறும் நேரம் ஒன்று. இந்த மூன்றையும் நேரில் பார்க்காமல் படிவத்தில் கை வைக்காதீர்கள். இரவைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஆட்கள் குறைவாகவும் விளக்கு மங்கலாகவும் இருக்கும் அந்த நேரத்தில்தான் படிவத்தின் கோளாறுகள் அத்தனையும் வெளியே வரும்.

கையில் ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று குறிப்புகள்: அது எங்கே, எத்தனை மணிக்குப் பிறந்தது, முதலில் எதில் எழுதப்பட்டது, கணினியில் எப்போது ஏறியது. 14-ஆம் படுக்கையின் காய்ச்சல் 6.05-க்கு அளக்கப்பட்டு, டேப்பில் ஏறி, 7.20-க்குக் கணினிக்கு வந்தது என்று வையுங்கள். நடுவில் எழுபத்தைந்து நிமிடம். அதற்குள் வந்த மருத்துவர் திரையைப் பார்த்தால் நேற்றிரவு எண்ணைத்தான் பார்ப்பார்.

டேப் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். உள்ளங்கை, மருந்து அட்டையின் பின்புறம், கையுறைப் பெட்டியின் மூடி என்று பல இடங்களில் எழுத்து இருக்கும். என்ன எழுதப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயரை உங்கள் நோட்டில் ஏற்றாதீர்கள். துண்டுச் சீட்டு கையில் கிடைத்தால் அன்றே கிழித்துப் போடுங்கள். வேலையைத் தொடங்குமுன் நர்சிங் சூப்பரின்டெண்டன்டிடம் ஒரு வாக்குறுதி வாங்குங்கள்: டேப் வைத்திருந்ததற்காக யாருக்கும் மெமோ போகக்கூடாது. போனால், மறுநாள் டேப் மறையும், பழக்கம் மறையாது, உங்களுக்கு எதுவும் தெரியாமல் போகும்.

"படிவம் எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நன்றாக இருக்கிறது, மேடம்" என்ற பதில்தான் வரும். "கடைசியாக நிரப்பியதைத் திறந்து காட்டுங்கள், எந்த இடத்தில் கை நின்றது?" என்று கேளுங்கள். எங்கள் வார்டில் ஒரு பிரதர் (ஆண் செவிலியர்) பதிலே சொல்லவில்லை. திரையில் ஒரு கட்டத்தைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வை போதுமானதாக இருந்தது.

படி 2: ஒவ்வொரு கட்டத்துக்கும் படிப்பவர் யார் என்று கேளுங்கள்

படிவத்தைத் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கு எதிரிலும் அதைப் படித்து ஏதாவது செய்யும் ஆளின் பெயரை எழுதுங்கள். பெயர் கிடைக்காத கட்டம் வெளியே போகட்டும். எங்கள் சேர்க்கைப் படிவத்தில் நோயாளியின் தொழிலை மூன்று பேர் கேட்டார்கள்: பதிவுக் கவுன்ட்டர், செவிலியர், மருத்துவர். ஒருமுறை கேட்டதை மற்ற இருவருக்கும் காட்டினால் முடிந்தது. மயக்கத்தில் வந்த ஆளின் மனைவியிடம் மூன்றாவது முறையாக அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு பூதம் வழிமறிக்கும். அதன் பெயர் "ஆடிட்டில் கேட்பார்கள்". எந்த விதியில், எந்த வரியில் என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். பாதிக் கட்டங்களுக்கு அந்த வரி கிடைக்காது.

ஆனால் உண்மையிலேயே சட்டம் கேட்கும் கட்டங்கள் உண்டு, அவற்றில் கை வைக்கக்கூடாது. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்தால், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'எஃப்' படிவம் நிரப்பியாக வேண்டும். அதில் நேரும் விடுபாடுகளை வெறும் எழுத்துப்பிழை என்று விட்டுவிட வேண்டும் என்ற மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2019-இல் ஏற்கவில்லை. அப்படிப்பட்ட படிவத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஏற்கெனவே தெரிந்த பெயரையும் முகவரியையும் வயதையும் தானாக ஏற்றிவிட்டு, மருத்துவர் தாமே சொல்ல வேண்டியதை மட்டும் திறந்து வைப்பது.

இறப்புக்கான காரணத்தைச் சான்றளிக்கும் 4-ஆம் படிவமும் அப்படித்தான். அதில் 'இதயம் நின்றது' என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. அது இறந்த விதம், காரணம் அல்ல. அந்தக் கட்டத்தின் அடியிலேயே "எதனால் நின்றது?" என்று ஒரு வரி வைத்தால், தனியாகப் பயிற்சி வகுப்பு நடத்தாமலே பாதி வேலை நடக்கும். காசநோயை அரசுக்கு அறிவிப்பது 2012 முதல் கட்டாயம். அதற்கான அரசின் நிக்ஷய் இணையதளத்துக்கு வேண்டிய விவரங்களை மருத்துவமனைப் படிவத்தின் கட்டங்களிலிருந்தே எடுத்து ஒரே பக்கத்தில் திரட்டிக் கொடுத்தால் மறுபடி தேடும் வேலை மிச்சம்.

படி 3: பெயரும் வயதும்

மிக எளிது என்று எல்லோரும் தாண்டிப்போகும் இந்த இடத்தில்தான் நான் அதிகம் அடிபட்டேன். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தை வைத்து, இரண்டும் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும். அலசூரிலிருந்து எஸ். லட்சுமி என்றொரு பாட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கவுன்ட்டரில் கடைசிப் பெயராக வெறும் புள்ளி வைப்பார்கள். அடுத்த முறை 'எஸ்' என்று போடுவார்கள். மூன்றாம் முறை கணவர் பெயரை எழுதுவார்கள். லட்சுமியை ஆங்கிலத்தில் எழுத நாலு வழி வேறு இருக்கிறது. முடிவில் ஒரே பாட்டிக்கு மூன்று எண்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு இரண்டாம் எண்ணில் இருக்கும், வார்டில் திறந்திருப்பது மூன்றாம் எண்.

பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் அதில் போகட்டும். அழைக்கும் பெயருக்கு இன்னொன்று, கட்டாயமில்லாமல். தேடும்போது புள்ளி, இடைவெளி, சொல் வரிசை ஆகியவற்றை மென்பொருள் பொருட்படுத்தக்கூடாது. ஒலியால் நெருங்கிய பெயர்களையும் அது காட்ட வேண்டும். புதிய எண் கொடுக்குமுன், "இவரா பாருங்கள்" என்று வயது, தெரு, கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றோடு ஒத்துப்போகும் பழைய பதிவுகளைக் கவுன்ட்டரில் இருப்பவருக்குக் காட்டட்டும். கைப்பேசி எண்ணை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணும் எண்ணமே வேண்டாம். மர்பி டவுனிலோ சிவாஜி நகரிலோ ஒரு வீட்டுக்கே ஓர் எண் இருப்பது சாதாரணம். மாமியாருக்கும் பேத்திக்கும் மகன் எண்தான்.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஒருவரின் மருத்துவப் பதிவுகளுக்கான அடையாள எண்ணான 'ஆபா' 14 இலக்கம். அதை 2, 4, 4, 4 என்று பிரித்துக் காட்டுங்கள். நடுவில் கோடு போட்டு ஒட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அது விருப்பத்தின் பேரில் பெறுவது என்பதால் கட்டாயக் கட்டமாக்க வேண்டாம்.

பிறந்த தேதி தெரியாத முதியவர்கள் நிறைய. தேதி கட்டாயம் என்றால் கவுன்ட்டரில் இருப்பவர் ஜனவரி 1 என்று போடுவார். உங்கள் தரவில் ஜனவரி முதல் தேதியில் ஊரே பிறந்திருந்தால் குற்றம் படிவத்தினுடையது. வயதை மட்டும் வாங்கிக்கொண்டு 'தோராயம்' என்று குறிக்க வழி கொடுங்கள். குழந்தைகளுக்கு நாள், மாதம், வருடம் என்று அலகு தெரிய வேண்டும். பத்து நாள் குழந்தையும் பத்து மாதக் குழந்தையும் மருந்துக்கு ஒன்றல்ல. பிறந்த தேதிக்கு நாட்காட்டிப் படத்தைத் திறந்து காட்டுவது கொடுமை. 1948-க்குப் பின்னோக்கி மாதம் மாதமாகத் தட்டிப்போன ஒரு மருத்துவ மாணவியை நான் கண்ணால் கண்டேன். தட்டச்சு செய்ய மூன்று சிறு கட்டங்கள் போதும். மாதத்தைப் பெயராகக் காட்டினால் 04/05 ஏப்ரலா மே மாதமா என்ற குழப்பமும் தீரும்.

பெயருக்குப் பக்கத்திலேயே 'பேசும் மொழி' என்று ஒரு கட்டம் வையுங்கள். ஒரே வார்டில் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு, இந்தி, வங்காளம் எல்லாம் ஒலிக்கும் ஊர் இது. இரவில் வலியில் முனகும் ஆளிடம் எந்த மொழியில் பேசுவது, யாரை அழைத்து வருவது என்று சிஸ்டருக்கு உடனே தெரிய வேண்டும். மதத்தைக் கேட்கும் கட்டத்தைவிட இது எவ்வளவோ பயன்.

படி 4: எண்களுக்கு வேலி போடுங்கள், சுவர் எழுப்பாதீர்கள்

எண் கட்டத்தைத் தொட்டால் எண்பலகைதான் திறக்க வேண்டும். அலகு கட்டத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். நம் வார்டுகளில் காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில் பேசப்படுகிறது, சில கருவிகள் செல்சியஸில் காட்டுகின்றன. 37 என்று தட்டினால் "செல்சியஸா?" என்று கேளுங்கள், சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிவிடாதீர்கள். இரத்தச் சர்க்கரையிலும் இதே சிக்கல் வரும். வெளிநாட்டிலிருந்து வரும் அறிக்கையில் 10 (மில்லிமோல் கணக்கு) என்று இருப்பது நம் மில்லிகிராம் கணக்கில் ஏறக்குறைய 180.

எல்லைகளை இரண்டு அடுக்காக வையுங்கள். நடக்கவே முடியாததை மறுக்கலாம்: ஆக்சிஜன் அளவு 100-க்கு மேல், காய்ச்சல் 986, மேல் அழுத்தத்தைவிடக் கீழ் அழுத்தம் அதிகம். அரிதானதை மறுக்கக்கூடாது, உறுதி கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். இரத்த ஓட்டம் தளர்ந்து ஷாக்கில் இருக்கும் நோயாளிக்கு பி.பி. கிடைக்காமல் போகலாம். "60-க்கு மேல் உள்ளிடவும்" என்று அடம்பிடிக்கும் படிவத்துக்குச் சிஸ்டர் என்ன செய்வார்? அடுத்த பக்கம் போக வேண்டுமே என்று 60 போடுவார். அந்தப் பொய்யை எழுத வைத்தது நாம்தான். அளக்கும் கட்டம் ஒவ்வொன்றிலும் 'அளக்க முடியவில்லை' என்ற வழி இருக்கட்டும், காரணத்தோடு.

மருந்தின் அளவில் இன்னும் கண்டிப்பு வேண்டும். 1.0 என்று காட்டினால் புள்ளி கண்ணில் படாமல் 10 ஆகும்; .5 என்று காட்டினால் 5 ஆகும். ஆகவே 1, 0.5 என்றே காட்டுங்கள். இன்சுலினுக்கு 'யூனிட்' என்று முழுச்சொல். ஆங்கில முதலெழுத்தை மட்டும் போட்டால் அது பூச்சியம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். மைக்ரோகிராமையும் முழுதாக எழுதுங்கள். 'ஓ.டி.' என்பது நம் மருத்துவமனைகளில் நாளுக்கு ஒருமுறை. கண் பிரிவில் அதே இரண்டெழுத்து வலது கண். சுருக்கத்தை மருத்துவர் தட்டட்டும், திரை அதை 'நாளுக்கு ஒரு முறை' என்று விரித்துக் காட்டட்டும். டோபமின், டோபுடமின் போல ஒன்றையொன்று ஒத்த மருந்துப் பெயர்கள் பட்டியலில் அடுத்தடுத்து வராதபடி, ஐந்து எழுத்தாவது தட்டிய பிறகே பட்டியல் திறப்பது நல்லது. வேறுபடும் எழுத்துகளைத் தடித்துக் காட்டுங்கள்.

படி 5: 'இல்லை' என்பதும் 'கேட்கவில்லை' என்பதும் ஒன்றல்ல

ஒவ்வாமைக் கட்டத்தில் முன்கூட்டியே 'இல்லை' என்று நிரப்பி வைத்திருக்கும் மென்பொருளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பார்கள். யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலை அது பதிந்துவிடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. 'இல்லை, கேட்டேன்', 'தெரியவில்லை', 'இன்னும் கேட்கவில்லை' ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் தொடக்க நிலை. அது மாறும்வரை மேற்பட்டையில் மஞ்சளாக நிற்கட்டும்.

'எல்லாம் சரி' என்று ஒரே தட்டில் உடல் பரிசோதனை முழுவதையும் நிரப்பும் பொத்தானை மருத்துவர்கள் கேட்பார்கள். நான் பாதி விட்டுக்கொடுத்தேன். நெஞ்சைத் திறந்தால் நெஞ்சுக்கு மட்டும், வயிற்றைத் திறந்தால் வயிற்றுக்கு மட்டும். உடல் முழுவதற்கும் ஒரே பொத்தான் கிடையாது. கால் எடுக்கப்பட்ட ஒருவரின் பதிவில் இரு கால்களிலும் நாடி சரியாக இருப்பதாக வந்துவிட்டால் கோர்ட்டில் யார் போய் நிற்பது?

தெரிவுகள் ஐந்தாறுக்குள் இருந்தால் டிராப்டவுனில் ஒளிக்காமல் வெளியே பரப்பி வையுங்கள். ஒரு தட்டில் முடியும். அதற்கு மேல் போனால் தேடும் பட்டியல். கீழே நீளும் நூறு பெயர்ப் பட்டியல் யாருக்கும் உதவாது. சொந்த வார்த்தையில் எழுத ஓரிடம் கட்டாயம் வேண்டும். எவ்வளவு நுணுக்கமாக யோசித்தாலும் "மகள் வந்த பிறகுதான் சாப்பிடுகிறார்" என்பதற்குக் கட்டம் கிடையாது, ஆனால் அடுத்த ஷிஃப்டுக்கு அதுதான் வேண்டியிருக்கும்.

படி 6: கட்டங்கள் கையின் வரிசையில் வரட்டும்

பெரும்பாலான படிவங்கள் தரவுத்தளத்தின் வரிசையில் இருக்கின்றன. செவிலியரின் கை வேறு வரிசையில் போகிறது: விரலில் ஆக்சிமீட்டர், அதிலேயே நாடி, கையில் பி.பி. பட்டை, அக்குளில் தெர்மாமீட்டர், கடைசியில் மூச்சு. உங்கள் வார்டில் எப்படி என்று படி 1-இல் பார்த்திருப்பீர்கள், அதே வரிசையில் வையுங்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பிறகும் மவுஸைத் தேடாமல், என்டர் தட்டினாலே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வார்டு முழுக்க எல்லோருக்கும் 18, 20 என்று மாறி மாறி இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று பொருள். நானும் அப்படி எழுதியவள்தான். அதைத் திட்டித் திருத்த முடியாது. கட்டத்துக்குப் பக்கத்திலேயே அறுபது விநாடி ஓடும் கடிகாரம் ஒன்றை வைத்தோம். மார்பு ஏறும்போதெல்லாம் திரையைத் தட்டினால் அதுவே எண்ணிக்கொள்ளும். எண்கள் அதன் பிறகுதான் ஆளுக்கு ஆள் மாறத் தொடங்கின.

அந்த எண்ணுக்கு விலை உண்டு. லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2017-இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 முன்னெச்சரிக்கை மதிப்பீட்டின் ஏழு அளவுகளில் முதலாவது மூச்சு. மற்றவை ஆக்சிஜன் அளவு, வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்பது, மேல் அழுத்தம், நாடி, நினைவுநிலை, உடல் வெப்பம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு; கூட்டல் 5 வந்தால் அவசரமாகப் பார்க்க வேண்டும், 7 என்றால் அபாயம். இந்தக் கூட்டலைச் செவிலியர் மனக்கணக்கில் போடக்கூடாது. ஏழு கட்டங்களும் நிரம்பிய நொடியில் படிவமே கூட்டிக் காட்ட வேண்டும். ஒன்று காலியாக இருந்தால் "கூட்ட முடியாது, மூச்சு எண்ணிக்கை இல்லை" என்று சொல்ல வேண்டும். காலியைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டு நல்ல மதிப்பெண் காட்டும் படிவம் ஆளைக் கொல்லும்.

1974-இல் வந்த கிளாஸ்கோ நினைவுநிலை அளவுகோலும் இப்படியே. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 3 முதல் 15 வரை. மொத்தத்தை மட்டும் வாங்காதீர்கள், மூன்றையும் தனியாக வாங்குங்கள். தலையில் அடிபட்டவரை பெங்களூரின் நரம்பியல் மருத்துவமனையான நிமான்ஸுக்கு அனுப்பும் கடிதத்தில் '12' என்று மட்டும் எழுதினால், பேச்சு குறைந்ததா அசைவு குறைந்ததா என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது. தொண்டையில் குழாய் இருப்பவருக்குப் பேச்சை '1' என்று போடவைக்காமல் 'சோதிக்க முடியாது' என்ற தெரிவைக் கொடுங்கள்.

படி 7: குறுக்கீடு வரும் என்றே கட்டுங்கள்

பத்துக் கட்டம் நிரப்புவதற்குள் மூன்று முறையாவது யாராவது கூப்பிடுவார்கள். 'சேமி' பொத்தானை நம்பி எதையும் அமைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டமும் தானாகச் சேமிக்கப்பட வேண்டும், திரும்பி வந்தால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். திரை பூட்டிக்கொள்ளலாம், எழுதியது அழியக்கூடாது. லிஃப்டிலும் அடித்தளத்து ஸ்கேன் அறையிலும் நெட்வொர்க் போகும். அப்போது எழுதுவது கருவியிலேயே தங்கி, இணைப்பு வந்ததும் மேலே ஏறட்டும். ஏறிவிட்டதா இல்லையா என்பது சொல்லாகத் தெரிய வேண்டும். சுழலும் வட்டம் எதையும் சொல்வதில்லை.

ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு நேரங்களைப் பதியுங்கள்: அளந்த நேரம், உள்ளிட்ட நேரம். இரண்டாவது தானாக விழும். முதலாவதை மாற்ற வழி இருக்க வேண்டும். ஒரே நேரம்தான் என்றால், டேப்பிலிருந்து 7.20-க்கு ஏற்றியதெல்லாம் 7.20-க்கு அளந்ததாகிவிடும். ஒரே நிமிடத்தில் பதினான்கு பேருக்கு பி.பி. பார்த்த அதிசயச் செவிலியர்கள் பல மருத்துவமனைப் பதிவுகளில் இருக்கிறார்கள். இந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பின்னால் உங்களுக்கே பயன்படும்.

தவறான ஆளின் படிவத்தில் எழுதுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பெயர், வயது, மருத்துவமனை எண், ஒவ்வாமை ஆகியவை எவ்வளவு கீழே உருட்டினாலும் மேலே நிலைத்து நிற்கட்டும். இரண்டு நோயாளிகளை ஒரே கணினியில் அருகருகே திறக்க விடாதீர்கள். நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்து படிவத்தைத் திறக்க முடிந்தால் அதுவே சிறந்தது.

கடவுச்சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்நுழைய இருபது விநாடி ஆகும் இடத்தில் காலையில் ஒருவர் நுழைந்துவிட்டால் மாலைவரை எல்லோரும் அவர் பெயரிலேயே எழுதுவார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் பாதுகாப்பு என்றால் நீளமான கடவுச்சொல் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அடையாள அட்டையைத் தட்டினால் திறக்கும் ஏற்பாடு இருந்தால் யார் எழுதினார் என்பது உண்மையாகப் பதிவாகும்.

படி 8: எச்சரிக்கைகளைக் கஞ்சத்தனமாகச் செலவழியுங்கள்

குறுக்கே வந்து நிற்கும் பெட்டி ஒவ்வொன்றும் அடுத்த பெட்டியின் மதிப்பைக் குறைக்கிறது. எதையும் படிக்காமல் 'சரி' தட்டும் விரலை வளர்த்துவிட்டால், உயிர்போகும் எச்சரிக்கையும் அதே விரலில் போகும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வழியை மறியுங்கள். மற்றதெல்லாம் கட்டத்தின் அடியில் ஒரு வரியாக வரட்டும். 'தவறான உள்ளீடு' என்பது செய்தியே அல்ல. "எடை 650 கிலோ என்று இருக்கிறது, 65.0 ஆக இருக்குமா?" என்பதுதான் செய்தி.

படி 9: விரல், வெளிச்சம், கிருமிநாசினி

தொடும் பொத்தான் ஏறக்குறைய 9 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆண்ட்ராய்டின் வடிவமைப்பு நெறியும் அதையே கேட்கிறது. கையுறை போட்ட விரலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1. சாம்பல் நிறத்தில் சாம்பல் எழுத்து அலுவலகத்தில் அழகு, இரவு வார்டில் குருட்டுத்தனம். நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லாதீர்கள். சிவப்போடு ஒரு சொல்லும் இருக்கட்டும். டேப்லெட் வாங்கினால் ஒருநாள் முழுக்க சானிடைசரால் துடைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு ஆர்டர் கொடுங்கள்.

படி 10: சோதியுங்கள், அளவிடுங்கள், ஒரு வார்டில் தொடங்குங்கள்

மென்பொருளாக எழுதுமுன் தாளில் வரைந்து காட்டுங்கள். தாளில் வரைந்ததைக் குறைசொல்ல யாரும் தயங்குவதில்லை. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரிய கோளாறுகள் வெளிப்படும் என்பது மென்பொருள் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சனின் பழைய வாதம். நான் அதை ஒவ்வொரு பணிப்பிரிவிலும் ஐவர் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐந்து மருத்துவர்கள் தேறியது செவிலியருக்குத் தேறாது. ஓய்வு பெறப் போகும் மூத்த சிஸ்டர் ஒருவரும், சேர்ந்து ஒரு வாரமே ஆனவர் ஒருவரும் அந்த ஐவரில் இருக்கட்டும்.

சோதனைக்கு நல்ல நோயாளியைக் கொடுக்காதீர்கள். குடும்பப் பெயர் இல்லாத, பிறந்த தேதி தெரியாத, பி.பி. கிடைக்காத, பாதியில் ஸ்கேனுக்குப் போய்விட்ட கற்பனை நோயாளி ஒருவரை உருவாக்குங்கள். நிரப்பும்போது நடுவில் நீங்களே இரண்டு முறை கூப்பிட்டுத் தொந்தரவு செய்யுங்கள். அவர் தடுமாறும்போது உதவி செய்ய வாய் துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் பயன்படுத்த எளிதாக இருந்ததா என்று அறிய ஜான் ப்ரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியலைக் கொடுக்கலாம். 0 முதல் 100 வரை வரும் அந்த மதிப்பு சதவீதமல்ல, 68-தான் சராசரி. மேலாளர்களிடம் காட்ட அது நல்லது. எனக்கு அதைவிட நம்பிக்கையானவை வேறு மூன்று: அளந்த நேரத்துக்கும் உள்ளிட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளி, காலியாக விடப்படும் கட்டங்கள், டேப்பின் நீளம்.

மாற்றத்தை ஒரே வார்டில் தொடங்குங்கள். கூட்டம் மிகும் திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். முதல் மூன்று நாள், இரவு உட்பட, நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடி, புதிதாக ஒரு கட்டம் வேண்டுமென்று கேட்பவரிடம் பழையது எதை எடுப்பது என்று கேளுங்கள்.

எங்கள் வார்டில் மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். சாண் நீள டேப் இரண்டு விரல் அகலமாகக் குறைந்திருந்தது. காய்ச்சல், நாடி, பி.பி. போன்ற வைட்டல்ஸ் எதுவும் அதில் இல்லை. இருந்ததெல்லாம் நள்ளிரவில் மருத்துவர் போனில் சொன்ன மருந்துகள் மட்டும்: பெயர், அளவு, நேரம். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு திரையில் எப்படித் தட்டுவது என்று சிஸ்டர் கேட்டார். நியாயமான கேள்வி. போனில் கேட்டதைத் திருப்பிப் படித்து உறுதி செய்யும் வழக்கத்தோடு சேர்த்து, ஒரு கையால் நிரப்பக்கூடிய சிறு படிவம் ஒன்றைத் தாளில் வரைந்திருக்கிறேன். அடுத்த வாரம் இரவுப் பணியில் காட்டப் போகிறேன். அதுவரை டேப் இருந்துவிட்டுப் போகட்டும்.